இல்லந்தோறும் ஒரு விவிலியக் குறிப்பேடு



ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நடுத்தர வயதுடைய தாய் ஒருவர் நம்மிடம் வந்து, தாழ்ந்த குரலில் தம் குறையைச் சொன்னார். "சாமி, இரவு செபம் முடிந்ததும் நாள் தவறாமல் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை இரண்டு முறை வாசித்து முடித்துவிட்டேன். ஆனால், நேற்று என்ன வாசித்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், சொல்லத் தெரியவில்லை. நான் வாசிப்பதெல்லாம் வீண்தானா?"

வீண் அன்று என்று நாம் அவருக்கு ஆறுதல் சொன்னோம். இறைவார்த்தையை அன்போடு வாசிக்கும் எந்த நேரமும் வீணாவதில்லை. ஆயினும், அவர் கேட்ட கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. மழை எல்லா நிலத்திலும் பெய்கிறது. ஆனால் வரப்பு இல்லாத வயலில் நீர் தங்குவதில்லை. அந்தத் தாயின் உள்ளம் நல்ல நிலமே. அதற்குத் தேவைப்பட்டது ஒரு வரப்பு. அந்த வரப்பு மிக எளியது: ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும்.

விவிலியத்தைத் தனியாக அமர்ந்து வாசிக்கும்போது முறையாகக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம். இது குருக்களுக்கும் கன்னியர்க்கும் மட்டும் உரிய கலை என்று எண்ணிவிடாதீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவரிடமிருந்தே இதன் மிக முக்கியமான பகுதியை நாம் கற்றோம். அவரைப் பற்றி இறுதியில் சொல்வோம்.

எழுதச் சொன்ன இறைவன்

இறைவார்த்தையைக் கேட்பவர் அதைத் தம் கையாலும் எழுத வேண்டும் என்ற எண்ணம் திருநூலுக்குள்ளேயே இருக்கிறது. இணைச்சட்ட நூலின் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ரயேலில் அரசனாக அமர்பவன் செய்ய வேண்டியவை அங்கே கூறப்படுகின்றன. அவன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது. பொன்னையும் வெள்ளியையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. அரியணையில் அமர்ந்ததும் அவன் செய்ய வேண்டியது, திருச்சட்டத்தின் படி ஒன்றைத் தனக்கென எழுதி வைத்துக்கொள்வது. வாழ்நாள் முழுவதும் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு அவன் வாசிக்க வேண்டும். எதற்காக? தன் சகோதரர்களுக்கு மேலாக அவன் உள்ளம் செருக்குறாமல் இருப்பதற்காக என்று 20ஆம் வசனம் காரணம் சொல்கிறது. எழுதுவதன் நோக்கம் அறிவைப் பெருக்குவது மட்டுமன்று. உள்ளத்தைத் தாழ்த்துவது என்பதை இங்கே கவனியுங்கள்.

எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் இன்னொரு நிகழ்ச்சியைக் காட்டுகிறது. இறைவாக்கினர் சொல்லச் சொல்ல, பாரூக்கு ஒரு சுருளேட்டில் எழுதினார். அது யோயாக்கிம் அரசனிடம் வாசிக்கப்பட்டது. குளிர்காலம், அரசனுக்கு முன்னே கணப்புச் சட்டி எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படும்தோறும் அரசன் ஏட்டைக் கத்தியால் அறுத்து நெருப்பில் எறிந்தான். செய்தியை அறிந்த எரேமியா என்ன செய்தார்? மற்றொரு சுருளேட்டை எடுக்கச் செய்து, எரிந்தவற்றை எல்லாம் மீண்டும் எழுதச் செய்தார். முன்பு இல்லாத பலவும் அதில் சேர்க்கப்பட்டன. நம் வீடுகளில் இறைவார்த்தையை எவரும் நெருப்பில் எறிவதில்லை. ஆனால் மறதி என்னும் நெருப்பு ஓசையின்றி அதே வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு நாம் தரக்கூடிய மறுமொழியும் எரேமியாவின் மறுமொழிதான்: மீண்டும் எழுதுவது.

நம் அன்னை மரியா நிகழ்ந்தவற்றை எல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்து வந்தார் என்று லூக்கா தம் 2ஆம் அதிகாரத்தில் இரண்டு முறை குறிப்பிடுகிறார். அந்த அன்னையின் உள்ளமே முழுமையான குறிப்பேடு. நம் உள்ளம் அவ்வளவு தூய்மையானதும் உறுதியானதும் அன்று. ஆதலின் நமக்குத் தாள் தேவைப்படுகிறது.

முன்னோர் வகுத்த முறைகள்

திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே அறிஞர்கள் திருநூலை ஒழுங்குபடுத்தி வாசிக்க அரிய முறைகளை வகுத்தனர். 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன், பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒப்பிட்டார். 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகர ஆயர் யூசேபியு, நான்கு நற்செய்திகளையும் எண்ணிட்ட சிறு பகுதிகளாகப் பிரித்துப் பத்து அட்டவணைகளை அமைத்தார். ஒரு நிகழ்ச்சியை மத்தேயு சொல்லும் இடத்திலிருந்து, அதையே மாற்குவும் லூக்காவும் சொல்லும் இடத்திற்கு உடனே செல்ல அந்த அட்டவணைகள் வழிகாட்டின. அதிகாரங்களும் வசன எண்களும் இல்லாத காலம் அது. இன்று நாம் கையாளும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை அச்சாளர் இராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட பதிப்பில் முதன்முதலாகக் காண்கிறோம். நாம் ஒரு நொடியில் புரட்டிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு வசனத்திற்கும் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இவர்கள் எல்லாரும் அறிஞர்கள். குடும்பத் தலைவர் ஒருவரின் எடுத்துக்காட்டு வேண்டுமா? புனித தாமஸ் மூரைப் பாருங்கள். இங்கிலாந்து நாட்டின் தலைமை அமைச்சர் பதவி வகித்தவர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தந்தை. அரசன் எட்டாம் ஹென்றி கேட்ட உறுதிமொழியை மனச்சான்றை முன்னிட்டு மறுத்ததால், 1534 ஏப்ரலில் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டு, 1535 ஜூலை 6ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். அவர் பயன்படுத்திய செபப் புத்தகமும் திருப்பாடல் நூலும் ஒரே கட்டாக இன்றும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அதன் ஓரங்களில் அவர் தம் கையால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. துன்ப வேளைக்கு உரிய வசனம் எது, சோதனையில் சொல்லத் தக்கது எது, இறைவனில் நம்பிக்கை கொள்ளத் தூண்டுவது எது என்று வசனங்களுக்கு அருகே சுருக்கமாகக் குறித்திருக்கிறார். பழிச்சொல் கேட்கும் சாந்தமுள்ளவன் பதிலுக்குப் பழி பேசாமல் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு திருப்பாடலின் ஓரத்தில் எழுதியுள்ளார். சிறையில் எழுதியது என்று அறிஞர் கருதும் செபம் ஒன்று அதே ஏட்டின் பக்க ஓரங்களில் தொடர்ந்து செல்கிறது.

அந்த ஓரக் குறிப்புகள் எவருக்கும் பாடம் நடத்த எழுதப்பட்டவை அல்ல. கொலைக்களத்தை நோக்கிச் செல்லும் ஒரு தந்தை, தாம் தடுமாறாமல் இருக்கத் தமக்குத் தாமே நட்டுக்கொண்ட ஊன்றுகோல்கள் அவை.

நான்கு இடங்கள்

இனி, நாம் எப்படித் தொடங்குவது? பள்ளி ஆண்டு முடிந்ததும் பிள்ளைகளின் நோட்டுகளில் எழுதாத தாள்கள் எஞ்சியிருக்கும். அவற்றைத் தைத்துக்கொண்டாலும் போதும். விவிலியத்தின் ஓரத்திலேயே எழுதலாமே என்று சிலர் கேட்பர். திருவிவிலியத்தின் தாள் மெல்லியது, மை மறுபக்கம் தெரியும், இடமும் போதாது. வேண்டுமானால் பென்சிலால் மெல்லிய கோடு இடுங்கள். எழுதுவதைத் தனி ஏட்டில் எழுதுங்கள்.

குறிப்பேட்டை விரித்தால் இரண்டு பக்கங்கள் எதிரெதிரே கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் குறுக்குக் கோடிட்டு இரண்டாக்குங்கள். நான்கு இடங்கள் ஆயின. மேலே நாளையும், வாசிக்கும் நூல், அதிகாரம், வசனங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். நான்கு இடங்களுக்கும் இவ்வாறு பெயரிடலாம்: கண்டது, கேட்டது, செபித்தது, செய்தது.

முதலாவது, கண்டது. வாசித்த பகுதியில் உண்மையாகவே இருப்பதை மட்டும் இங்கே எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், என்ன சொன்னார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்பவை. நம் கருத்துக்கு இங்கே இடமில்லை. இது எளிது என்று தோன்றும். ஆனால் செய்து பார்த்தால்தான், பாடத்தில் இல்லாத எத்தனை செய்திகளை நாம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது விளங்கும். கீழ்த்திசை ஞானியர் மூவர் என்று மத்தேயு எங்கும் எண்ணிக்கை சொல்லவில்லை. சவுல் குதிரையிலிருந்து விழுந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலும் சொல்லவில்லை. அவற்றை நாம் படங்களில்தான் கண்டோம்.

இரண்டாவது, கேட்டது. இந்தச் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு: வினவியது, செவிமடுத்தது. முதலில் உங்கள் ஐயங்களை வினாக்களாக எழுதுங்கள். பின்பு, அதே நிகழ்ச்சி வேறு நற்செய்திகளில் வரும் இடங்களையும், பழைய ஏற்பாட்டுத் தொடர்புகளையும், திருவிவிலியத்தின் முன்னுரையும் அடிக்குறிப்பும் சொல்வதையும் எழுதுங்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் பகுதிகளின் தலைப்புக்குக் கீழே இணைப் பகுதிகளின் எண்கள் தரப்பட்டுள்ளன. பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. அந்த எண்கள் திறவுகோல்கள். தலைப்புகளோ மூலத்தில் உள்ளவை அல்ல, பதிப்பாளர்கள் நம் வசதிக்காக இட்டவை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாவது, செபித்தது. வாசித்ததற்கு மறுமொழியாக இறைவனிடம் நீங்கள் சொல்லும் இரண்டு அல்லது மூன்று வரிகள். அழகான நடை வேண்டியதில்லை. பிள்ளை தந்தையிடம் பேசுவது போல எழுதினால் போதும்.

நான்காவது, செய்தது. இன்று அல்லது இந்த வாரம் நாம் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். அன்பாக இருப்பேன் என்று எழுதுவது செயல் அன்று. யாருக்கு, என்ன, எப்போது என்று எழுதினால்தான் அது செயல். செய்து முடித்த நாளைக் குறிப்பதற்கு அருகில் சிறிது இடம் விடுங்கள்.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்ந்து நோக்கி இறைவனில் இளைப்பாறுதல் என்று நான்கு படிகளை உடைய ஏணி ஒன்றைக் காட்டினார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் இறைவார்த்தையைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் இப்படிகளை விளக்கிவிட்டு, செயலை அடையும்வரை இந்த வாசிப்பு நிறைவடைவதில்லை என்று அறிவுறுத்தினார். நம் குறிப்பேட்டின் நான்காம் இடம் அதற்காகவே.

எரிகோ வழியில் ஒரு பக்கம்

முறையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்போம். மாற்கு 10ஆம் அதிகாரம், 46 முதல் 52 வரை. ஏழே வசனங்கள். உங்கள் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடருங்கள்.

கண்டது: இடம் எரிகோ, இயேசு அங்கிருந்து வெளியேறுகிறார், பெருங்கூட்டம் உடன் செல்கிறது. திமேயுவின் மகன் பர்த்திமேயு பார்வையற்றவர்; வழியோரம் அமர்ந்து பிச்சை கேட்கிறார். இயேசுவைத் தாவீதின் மகன் என்று இரண்டு முறை கூவி அழைக்கிறார். பலர் அதட்டுகின்றனர், அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார். அவரைக் கூப்பிடும்படி மற்றவர்களிடமே சொல்கிறார். பார்வையற்றவர் மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்து வருகிறார். என்ன வேண்டும் என்று இயேசு கேட்கிறார். பார்வை வேண்டும் என்கிறார். பார்வை பெற்று, வழியில் அவரைப் பின்பற்றுகிறார். 'வழி' என்ற சொல் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் வருகிறது.

கேட்டது: மேலுடையை எறிந்தார் என்று மாற்கு ஏன் குறிப்பிட வேண்டும்? விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏழையின் மேலுடையை அடகாக வாங்கினால், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் போர்த்துக்கொள்ள அவனுக்கு வேறு இல்லை. அப்படியானால், பர்த்திமேயு எறிந்தது தமக்கிருந்த ஒரே போர்வையாகவும் இருக்கலாம். இதே 10ஆம் அதிகாரத்தில், 17 முதல் 22 வரை, செல்வர் ஒருவர் வந்து, உடைமைகளை விட முடியாமல் வருத்தத்தோடு திரும்பிச் சென்றாரே! செல்வர் விடவில்லை, பிச்சைக்காரர் விட்டார்.

அடுத்த வினா: கண் தெரியாத ஒருவரிடம், உனக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவர் ஏன் கேட்க வேண்டும்? சற்று முன்னே, 36ஆம் வசனத்திற்குச் செல்லுங்கள். யாக்கோபும் யோவானும் வந்தபோதும் அவர் ஏறத்தாழ அதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் கேட்டது மாட்சியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் அமரும் இருக்கைகள். இவர் கேட்டது பார்வை. கேள்வி ஒன்று; மறுமொழிகள் இரண்டு. பார்வையுள்ள சீடர்களுக்குத் தங்கள் ஆண்டவர் எதை நோக்கிப் போகிறார் என்பது தெரியவில்லை. பார்வையற்றவர், பார்வை பெற்றதும், எருசலேமுக்கு ஏறும் அந்த வழியிலேயே அவரைப் பின்பற்றினார்.

இணைப் பகுதிகள்: மத்தேயு 20இல் பார்வையற்றோர் இருவர், லூக்கா 18இல் எரிகோவை நெருங்கி வரும்போது இது நடக்கிறது. பர்த்திமேயு என்ற பெயரை மாற்கு மட்டுமே தருகிறார். இந்த வேறுபாடுகளைக் கண்டு கலங்க வேண்டாம். நற்செய்தியாளர் ஒவ்வொருவரும் தூய ஆவியின் ஏவுதலால் தமக்குரிய முறையில் எடுத்துரைத்தனர். வேறுபாட்டை மறைக்காமல் அப்படியே எழுதி வையுங்கள். பின்னொரு நாள் அதுவே புதிய ஒளியைத் தரும்.

செபித்தது: இதை நாம் உங்களுக்காக எழுத முடியாது. ஆயினும், அந்தப் பக்கத்தில் நாம் எழுதிய வரி இது: "ஆண்டவரே, உம்மிடம் வர முயன்றவரை அதட்டிய கூட்டத்தில் நானும் நின்றதுண்டு."

செய்தது: திருப்பலி நேரத்தில் அழுத குழந்தையின் தாயைச் சென்ற வாரம் பீடத்திலிருந்தே கடிந்துகொண்டோம், அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அருகில் நாள் குறிக்கப்பட்டுள்ளது.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, உரைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு நகல் எடுக்காதீர்கள். முதலில் திருநூல், பிறகு உங்கள் கண், அதற்குப் பிறகே அடிக்குறிப்பும் உரைநூலும். இந்த வரிசை மாறினால், பிறர் மென்றதை நாம் விழுங்குவதாக முடியும்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிரான தவறு: நமக்குத் தோன்றியதே சரி என்று பிடிவாதம் கொள்வது. 1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம் இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. நூலாசிரியர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று ஆராய வேண்டும். திருநூல் முழுவதன் ஒருமைப்பாட்டையும் திருச்சபையின் உயிருள்ள மரபையும் மனத்திற் கொண்டு பொருள் காண வேண்டும். விடை கிடைக்காத வினாக்களை அன்பியக் கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். பங்குக் குருவிடம் கேளுங்கள். எங்களுக்கும் தெரியாதவை உண்டு, சேர்ந்து தேடுவோம்.

மூன்றாவது, எழுதியதைத் திருத்தத் தயங்காதீர்கள். புனித அகுஸ்தீனார் தம் முதிய வயதில், ஏறத்தாழ 427ஆம் ஆண்டில், அதுவரை தாம் எழுதிய நூல்களை வரிசையாக எடுத்து மீள்நோக்கி, தவறென்று கண்டவற்றைத் தாமே சுட்டிக்காட்டித் தனி நூல் ஒன்று எழுதினார். அத்துணை பெரிய மறைவல்லுநர் தம் குறிப்புகளைத் திருத்தினார் என்றால், நமக்கு ஏன் வெட்கம்? ஆனால் பழையதை அடித்து மறைக்காமல், அருகில் நாளிட்டுப் புதியதை எழுதுங்கள். இறைவன் உங்களை எங்கிருந்து எங்கே நடத்தி வந்தார் என்பதை அதுவே காட்டும்.

நான்காவது எச்சரிக்கையை நாம் நம் சொந்தக் குற்றத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உபதேசியார் காட்டிய பக்கம்

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் முதிய உபதேசியார் ஒருவர் இருந்தார். கால்கள் தளர்ந்துவிட்டதால் அவரால் கோயிலுக்கு வர இயலவில்லை. முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்வோம். அவர் கட்டிலுக்கு அருகே, திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ், பள்ளி நோட்டுகள் சில அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் அவை என்ன என்று கேட்டோம். தயக்கத்தோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தவக்காலத்தில் மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவை ஆண்டுதோறும் வாசித்துக் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம் என்று அறிந்தோம்.

5ஆம் அதிகாரம், 23, 24 வசனங்கள். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, சகோதரன் நம்மேல் மனத்தாங்கல் கொண்டிருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு நல்லுறவு கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் சொல்லும் இடம். பக்கத்தின் அடியில், கட்டமிட்ட சிறு இடத்தில், "தம்பியிடம் போக வேண்டும்" என்று எழுதியிருந்தார். அருகில் நாள் இல்லை. அடுத்த ஆண்டின் நோட்டில் அதே வசனம், அதே வரி, நாள் இல்லை. மூன்றாம் ஆண்டும், நான்காம் ஆண்டும் அப்படியே. ஐந்தாம் ஆண்டில் நாள் எழுதப்பட்டிருந்தது.

வயல் வரப்பில் நின்ற ஒரு பனைமரத்தால் வந்த பகை என்று சொன்னார். "எழுதாமல் இருந்திருந்தால் மறந்து போயிருப்பேன், சாமி. எழுதிவிட்டேன், அந்த வெற்றிடம் ஒவ்வொரு தவக்காலத்திலும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தாங்க முடியாமல் போய்விட்டேன்."

அன்று இரவு, பங்கு இல்லத்தில் நம் குறிப்பேடுகளைத் திறந்து பார்த்தோம். குருமடத்தில் பயின்ற நாள் தொட்டு எழுதியவை. கிரேக்கச் சொல் விளக்கங்கள், நிலப்படங்கள், ஒப்பீடுகள், வண்ண மையில் உட்பிரிவுகள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 'மக்கள் உணர வேண்டியது' என்ற தலைப்பு. 'நான் உணர வேண்டியது' என்ற தலைப்பை எங்கும் காணவில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் பிறருக்காகவே வாசித்திருக்கிறோம். மற்றவர் பசிக்குச் சமைத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்த சமையற்காரனைப் போல இருந்திருக்கிறோம்.

அப்போது நாம் உடன் குரு ஒருவரோடு மனத்தாங்கல் கொண்டு, பேசாமல் இருந்தோம். குருக்கள் கூட்டங்களில் எதிரெதிரே அமர்ந்தும் பாராமுகமாய் இருந்த காலம். அந்த இரவில், புதிய தாளில் அதே இரண்டு வசனங்களை எழுதி, நான்கு இடங்களாகப் பிரித்து, கடைசி இடத்தில் அவரிடம் போக வேண்டும் என்று எழுதினோம். நாள் எழுத எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? ஏழு மாதங்கள். அதுவும் நம் நற்குணத்தால் அன்று. அவர் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தி வந்த பிறகே. தயாரித்து வைத்திருந்த சொற்களோடு அறைக்குள் நுழைந்தோம். நம்மைக் கண்டதும் அவர் கேட்டது, "சாப்பிட்டீர்களா?" என்பதே. தயாரித்த சொற்கள் எவையும் தேவைப்படவில்லை.

ஆகவே நான்காவது எச்சரிக்கை இது: பிறரைத் திருத்துவதற்காகக் குறிப்பு எழுதாதீர்கள். இந்த வசனம் என் மருமகளுக்குப் பொருந்தும், இது பக்கத்து வீட்டாருக்குப் பொருந்தும் என்று எழுதத் தொடங்கினால், குறிப்பேடு குற்றப்பத்திரிகையாகிவிடும். கண்டதும் கேட்டதும் நிறைந்து, செய்தது மட்டும் வெறுமையாய் இருக்கும் ஏட்டைவிட, ஒரே வரியும் அதற்கு ஒரு நாளும் உள்ள ஏடு மேலானது.

இன்றே தொடங்குங்கள்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019 செப்டம்பர் 30ஆம் நாள், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அது, பெத்லகேமில் தங்கித் திருநூலை இலத்தீனில் பெயர்த்து, 420இல் அங்கேயே உயிர்நீத்த புனித ஜெரோமின் திருநாள். திருநூலை அறியாதவர் கிறிஸ்துவையே அறியாதவர் என்னும் கருத்தை நமக்கு விட்டுச்சென்றவர் அவரே.

ஆனால் தொடங்குவதற்கு அந்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். மாற்கு நற்செய்தியை எடுங்கள். நான்கு நற்செய்திகளிலும் சிறியது; 16 அதிகாரங்கள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து வசனங்களுக்கு மேல் வேண்டாம். வாரம் ஓர் அதிகாரம் என்று சென்றாலும், நான்கு மாதங்களில் முடித்துவிடலாம். இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் தனி ஏடு இருக்கட்டும். ஒருவர் ஏட்டை மற்றவர் கேளாமல் திறக்கக் கூடாது என்பதைக் குடும்பச் சட்டமாக்குங்கள். வாரத்தில் ஒரு நாள், இரவு செபத்திற்குப் பிறகு, விரும்புவோர் 'கண்டது' என்ற இடத்தை மட்டும் வாசித்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் பெரியவர்கள் காணாததைக் காண்பார்கள்.

கோயில் வாசலில் நம்மிடம் குறை சொன்ன அந்தத் தாயிடம் இம்முறையைச் சொல்லி, நான்கு இடங்களையும் ஒரு தாளில் கோடிட்டுக் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். "சாமி, இப்போது ஓர் அதிகாரம் முடிக்க ஒரு வாரம் ஆகிறது," என்றார். அதைக் குறையாகச் சொல்கிறாரோ என்று பார்த்தோம். இல்லை, அவர் முகம் மலர்ந்திருந்தது.

இறைவார்த்தையை உள்ளத்தில் இருத்திய அன்னை மரியா உங்கள் இல்லங்களுக்குத் துணை நிற்பாராக. உங்கள் ஏடுகளின் நான்காம் இடத்தை இறைவனே நிரப்புவாராக.